ஏ320-ல் பச்சை ஹைட்ராலிக் போனால்: வலது இருக்கைக்கு (துணை விமானியாக) புதிதாக வருபவர்களுக்கு

மீனம்பாக்கத்தில் ஏ320 ஏறி, இறக்கையை ஒட்டிய வரிசைகளில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமாகியிருக்கும். விமானம் பின்னால் தள்ளப்பட்டு, ஒரு இன்ஜின் ஓடிக்கொண்டும் மற்றொன்று இன்னும் கிளம்பாமலும் இருக்கும் நேரத்தில், காலுக்கு அடியிலிருந்து நாய் குரைப்பதுபோல விட்டுவிட்டு ஒரு சத்தம் வரும். பயணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அது பி.டி.யு., அதாவது பவர் டிரான்ஸ்ஃபர் யூனிட். பறக்கும்போது பச்சை ஹைட்ராலிக்கில் (எண்ணெய் அழுத்தத்தால் விமானத்தின் பாகங்களை நகர்த்தும் மூன்று அமைப்புகளில் ஒன்று) எண்ணெய் ஒழுகினால் நீங்கள் முதலில் அணைக்க வேண்டியது அதைத்தான். எதற்காக என்று புரிந்தவர், கோளாறையும் செய்ய வேண்டியதையும் காட்டும் ஈகேம் திரையில் வரும் வரிகளைப் பொருள் தெரிந்து செய்வார். புரியாதவர் மனப்பாடமாகச் செய்வார். இந்தக் கட்டுரை முதல் வகையினருக்காக. உங்கள் கம்பெனி கையேடும் உங்கள் விமானத்தின் ஈகேமும் சொல்வதே இறுதி. இங்கே இருப்பது அவற்றுக்கான விளக்கம் மட்டுமே.

முதலில் மூன்று நிறங்கள்

ஏ320-ல் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று தனித்தனி அமைப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சொந்தத் தொட்டி. ஒன்றின் எண்ணெய் இன்னொன்றுக்குப் போகாது. சாதாரண அழுத்தம் 3,000 பி.எஸ்.ஐ. பச்சைக்கு ஒன்றாம் இன்ஜின் பம்ப், மஞ்சளுக்கு இரண்டாம் இன்ஜின் பம்ப்போடு ஒரு மின் பம்ப், நீலத்துக்கு மின் பம்ப். அவசரத்தில் வயிற்றுக்கடியிலிருந்து வெளியே விழும் காற்றுச் சுழலியான ராட் நீலத்துக்கு 2,500 பி.எஸ்.ஐ. கொடுக்கும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் பி.டி.யு. இரண்டுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் 500 பி.எஸ்.ஐ.-யைத் தாண்டினால் அது தானாக ஓடத் தொடங்கும். அழுத்தம் உள்ள பக்கம் ஒரு மோட்டாரைச் சுழற்ற, அதே தண்டு மறுபக்கப் பம்பைச் சுழற்றும். எண்ணெய் கலக்காது, சக்தி மட்டும் கடக்கும்.

இதில் பச்சையின் மேல்தான் அதிக பாரம். லேண்டிங் கியர் (சக்கரங்கள்), சாதாரண பிரேக், ஆட்டோபிரேக், இடது ரிவர்ஸர் (இன்ஜின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பது), ஒவ்வொரு இறக்கையிலும் 1, 5 எண் ஸ்பாய்லர்கள் (இறக்கையின் மேல் எழும் தகடுகள்), இறக்கையின் முன்விளிம்பில் நீளும் ஸ்லாட், பின்விளிம்பில் இறங்கும் ஃப்ளாப் இரண்டிலும் பாதி மோட்டார்கள் எல்லாம் அதன் பொறுப்பு. அதனால்தான் இந்தக் கட்டுரை பச்சையை எடுத்துக்கொள்கிறது. நீலம் மட்டும் தனியாகப் போனால் வேலை மிகக் குறைவு. மஞ்சள் போனால் மாற்று பிரேக்கும் வலது ரிவர்ஸரும் போகும், ஆனால் கியரும் சாதாரண பிரேக்கும் அப்படியே இருக்கும்.

மூக்குச் சக்கரத் திருப்பி விஷயத்தில் கவனமாக இருங்கள். பழைய ஏ320-களில் அது பச்சையில் ஓடும், பிந்தைய விமானங்களில் மஞ்சளுக்கு மாற்றப்பட்டது. ஒரே கம்பெனியில் இரண்டு வகையும் இருக்கலாம். நேற்று ஓட்டிய விமானத்தின் நினைவை வைத்து இன்றைய விமானத்தை முடிவு செய்யாதீர்கள். ஸ்டேட்டஸ் பக்கத்தில் செயலிழந்தவை பட்டியலைப் படியுங்கள்.

மணி அடித்ததும்

டில்லியிலிருந்து சென்னைக்கு வருகிறீர்கள், ஹைதராபாத் பின்னால் போய்விட்டது, 35,000 அடி என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை மணி, அம்பர் விளக்கு. ஈகேமில் பச்சைத் தொட்டியில் அளவு குறைவு என்று வருகிறது.

ஹைட்ராலிக் கோளாறுக்கு இந்த விமானத்தில் மனப்பாட நடவடிக்கை எதுவும் கிடையாது. அவசரப்பட்டு மேலே கை நீட்டாதீர்கள். விமானத்தை ஓட்டுபவர் யார் என்று வாய்விட்டு உறுதி செய்யுங்கள். ஆட்டோபைலட் பிடித்திருக்கிறதா, உயரம், வேகம், பாதை சரியா என்று பாருங்கள். ஓட்டுபவர் 'ஈகேம் ஆக்‌ஷன்ஸ்' என்று சொன்ன பிறகே மற்றவர் படிக்கத் தொடங்க வேண்டும்.

ஈகேமைத் தொடுமுன் ஹைட்ராலிக் பக்கத்தை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே கேள்விக்கான பதில்: போனது எண்ணெயா, அழுத்தமா? தொட்டி அளவு நன்றாக இருந்து அழுத்தம் மட்டும் விழுந்திருந்தால் அநேகமாகப் பம்ப் கோளாறு. 1,450 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை வரும். அது அணைய 1,750-ஐத் தாண்ட வேண்டும். அளவு முதலில் குறைந்து, அழுத்தம் இன்னும் 3,000-லேயே நின்றால், எங்கேயோ ஒழுகுகிறது, தொட்டி காலியாகும்வரை நேரம் இருக்கிறது என்று பொருள். கியர் ஏறி இறங்கும்போது தொட்டி அளவு கொஞ்சம் மாறுவது இயல்பு. அதை ஒழுகலாக நினைக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு நிலைகள் உண்டு. எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானால் பி.டி.யு.-வையும் பம்பையும் அணைக்கச் சொல்லும். ஆறிய பிறகு, பொதுவாக இறங்கும் நேரத்துக்கு முன்பு, திரும்பப் போட்டுப் பார்க்கலாம். தொட்டிக்கு மேலே இருக்க வேண்டிய காற்றழுத்தம் குறைந்தால் பம்ப் எண்ணெயோடு குமிழிகளையும் இழுக்கும், அழுத்தம் ஆடும். உயரம் குறையும்போது இது தணியலாம். இந்த இரண்டிலும் பச்சை உங்களுக்குத் திரும்பக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. ஒழுகலில் கிடைக்காது.

பி.டி.யு.-வை ஏன் அணைக்க வேண்டும்

பயிற்சியில் பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பம்ப் மட்டும் கெட்டு, தொட்டியில் எண்ணெய் இருந்தால் பி.டி.யு. உங்கள் நண்பன். மஞ்சளின் அழுத்தத்தை எடுத்துப் பச்சைக்குக் கொடுக்கும். ஈகேம் ஒன்றாம் இன்ஜின் பம்பை மட்டும் அணைக்கச் சொல்லும், பி.டி.யு.-வை விட்டுவிடும். கியர் சாதாரணமாக இறங்கும், பிரேக்கும் கிடைக்கும்.

எண்ணெய் ஒழுகிப் போயிருந்தால் கதை தலைகீழ். பச்சையில் அழுத்தம் பூஜ்யத்தை நோக்கிப் போக, வித்தியாசம் 500-ஐத் தாண்டுகிறது, பி.டி.யு. சுழலத் தொடங்குகிறது. ஆனால் பச்சைப் பக்கத்தில் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. எதிர்ப்பு இல்லாததால் அது கட்டுக்கடங்காத வேகத்தில் சுற்றும். வறண்ட கிணற்றில் மோட்டார் ஓடினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே கூடுதலாக ஒரு ஆபத்து: இந்த மோட்டாரைச் சுழற்றுவது மஞ்சளின் எண்ணெய். அது சூடேறிக்கொண்டே போகும். சற்று நேரத்தில் மஞ்சளுக்கும் சூடு எச்சரிக்கை வரும். ஒரு அமைப்பை இழந்த விமானம், இரண்டை இழந்த விமானமாக மாறும் வழி இது.

ஆகவே அளவு குறைவு என்றால் வரிசை இப்படி: பி.டி.யு. அணை, பிறகு ஒன்றாம் இன்ஜின் பம்ப் அணை. மேல் பலகையில் விரலை முதலில் பொத்தானுக்கு நேரே வையுங்கள், பெயரைச் சொல்லுங்கள், மற்றவர் பார்த்துச் சரி என்றதும் அழுத்துங்கள். வெள்ளை 'ஆஃப்' எழுத்து எரிகிறதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் பொத்தான்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பதற்றத்தில் தவறான நிறத்தின் பம்பை அணைப்பது சிமுலேட்டரில் அடிக்கடி நடக்கிறது. மேலே பாதுகாப்பு மூடி உள்ள பொத்தான் எதுவானாலும் இருவரும் உறுதி செய்யாமல் தொடக்கூடாது.

மஞ்சளின் சூட்டையும் அளவையும் அடுத்த சில நிமிடங்களுக்கு ஒரு கண் வைத்துப் பாருங்கள். இனி உங்களுக்கு மிச்சம் இருக்கும் பிரேக் அதில்தான் இருக்கிறது.

கோளாறு காற்றில், விலை தரையில்

பச்சை போன பிறகும் விமானம் நன்றாகவே பறக்கும். திருப்பம், ஏற்றம், இறக்கம் எதிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதுவே புதியவர்களை ஏமாற்றுகிறது. ஈகேம் முடிந்தது, பிரச்சினையும் முடிந்தது என்ற நிம்மதி வந்துவிடும். உண்மையில் எல்லா விலையும் சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் கொடுக்கப்படும்: ஆட்டோபிரேக் கிடையாது, ஒரு ரிவர்ஸர் கிடையாது, இறக்கைக்கு ஐந்து ஸ்பாய்லரில் மூன்றுதான் எழும், பழைய விமானமானால் திருப்பியும் கிடையாது.

அதனால் அடுத்த வேலை நீளக் கணக்கு. கோளாறுக்கான இறங்கு தூரத்தைக் கையேட்டு அட்டவணையிலிருந்தோ டேப்லெட்டிலிருந்தோ எடுங்கள். நனைந்த ரன்வே, காற்று, எடை எல்லாவற்றையும் சேருங்கள். அதன்மேல் 15 சதவீதம் கூட்டுங்கள். கணக்கு 2,000 மீட்டர் என்று வந்தால் உங்களுக்குத் தேவை 2,300 மீட்டர். சென்னையின் முதன்மை ரன்வே 07/25 சுமார் 3,650 மீட்டர், தாராளம். இரண்டாவது ரன்வே 12/30 அதைவிடப் பல நூறு மீட்டர் குறைவு. அடையாறு ஆற்றின் மேல் பாலமாகக் கடப்பது அதுதான். இந்த நிலையில் முதன்மை ரன்வேயை மட்டும் கேளுங்கள்.

வானிலையில் இரண்டு விஷயம். வடகிழக்குப் பருவமழையில் சென்னையில் பெரும்பாலும் 07 பயன்பாட்டில் இருக்கும், ரன்வே நனைந்திருக்கும். கோடையிலோ, காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று மதியத்துக்குப் பிறகு கடல்காற்று புகுந்ததும் கிழக்கே திரும்பும், ரன்வே திசையும் மாறலாம். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பு திசை மாறினால் எல்லாக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். அதற்கான நேரத்தை முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னையின் இரண்டு ரன்வேக்களும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. திருப்பி இல்லாமல் நீங்கள் சந்திப்பில் நின்றுவிட்டால் நிலையமே நின்றுவிடும். கட்டுப்பாட்டு அறைக்கு இதை முன்கூட்டியே சொல்வது கடமை: 'இறங்கிய பிறகு ரன்வேயை விட்டு விலக முடியாது, இழுவை வண்டி வேண்டும்.' அவர்கள் மற்ற விமானங்களை உங்களுக்கு முன்னால் இறக்கிவிடுவார்கள். ஆனால் சந்திப்பைத் தவிர்ப்பதற்காக பிரேக்கைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். அது உங்கள் வேலை இல்லை. பெங்களூரில் 4,000 மீட்டரில் இரண்டு இணை ரன்வேக்கள் இருக்கின்றன. சென்னையில் கனமழை, குறுக்குக் காற்று என்றால் கேப்டனிடம் அதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

யாரிடம் என்ன சொல்வது

ஒரு அமைப்பு போனதற்கு 'பேன் பேன்' என்ற அவசர அழைப்பு போதும், மூன்று முறை. இரண்டு போனால் அதைவிடக் கடுமையான 'மேடே'. அழைப்பில் கோளாறு என்ன, எங்கே இறங்க விருப்பம், எத்தனை நிமிடம் தேவை, எரிபொருள் எவ்வளவு, ஆட்கள் எத்தனை என்பது இருந்தால் போதும். வேகக் கட்டுப்பாடு வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சென்னை அப்ரோச்சில் நெரிசல் நேரத்தில் இறுதிவரை வேகமாக வரச் சொல்வார்கள். மெதுவாக இறங்கும் ஃப்ளாப்போடு அது ஒத்துவராது.

கேபின் குழுத் தலைவரிடம் நான்கு விஷயம், இதே வரிசையில்: என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறோம், இன்னும் எத்தனை நிமிடம், தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா. அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

பயணிகளுக்குத் தமிழிலும் பேசுங்கள். சென்னை விமானத்தில் ஆங்கில அறிவிப்பை மட்டும் கேட்டுப் பாதி புரிந்து பயப்படுபவர்கள் நிறைய. இப்படி இருக்கலாம்: 'வணக்கம். விமானத்தின் ஒரு தொழில்நுட்ப அமைப்பில் கோளாறு வந்திருக்கிறது. மாற்று அமைப்புகள் வேலை செய்கின்றன. சென்னையில்தான் இறங்குகிறோம். முன்னெச்சரிக்கைக்காக ரன்வே ஓரத்தில் தீயணைப்பு வண்டிகள் நிற்கும். இறங்கியதும் கொஞ்ச நேரம் ரன்வேயிலேயே நிற்போம். சொல்லும்வரை இருக்கையை விட்டு எழ வேண்டாம்.' தீயணைப்பு வண்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், ஜன்னல் வழியே பார்ப்பவர் தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்.

இறங்கத் தொடங்குதல்

ஸ்லாட்டுக்கு நீலத்தின் மோட்டாரும், ஃப்ளாப்புக்கு மஞ்சளின் மோட்டாரும்தான் மிச்சம். இரண்டும் பாதி வேகத்தில் நகரும். வழக்கத்தைவிடச் சில மைல் முன்னதாகவே தொடங்குங்கள். ஒவ்வொரு நிலையும் திரையில் வந்து சேர்ந்த பிறகே அடுத்ததைக் கேளுங்கள்.

கியரை ஈர்ப்பு விசையில் இறக்க வேண்டும். இரண்டு இருக்கைகளுக்கு நடுவே, பெடஸ்டலுக்குப் பின்னால் தரையில் மடங்கிய கைப்பிடி ஒன்று இருக்கிறது. வெளியே இழுத்து, கடிகாரச் சுற்றில் மூன்று சுற்று, அது நிற்கும்வரை. இடையில் தடதடவென்று சத்தமும் காற்றின் இரைச்சலும் கேட்கும். அதைக் கேட்டு இரண்டாம் சுற்றிலேயே கையை எடுத்துவிடுவது வழக்கமான தவறு. முழுதாகச் சுற்றாவிட்டால் ஏதாவது ஒரு கொக்கி விடாமல் இருக்கலாம். பிறகு கியர் லீவரைக் கீழே தள்ளி, மூன்று பச்சை முக்கோணத்தையும் பாருங்கள். பூட்டிக்கொள்ளச் சில நொடி ஆகும். கியர் கதவுகள் திறந்தே இருக்கும், திரையில் அம்பரில் தெரியும். அது எதிர்பார்த்ததே.

இந்தக் கைப்பிடியைத் திருப்பிய பிறகு கியரை மேலே ஏற்ற முடியாது. தொங்கும் கியரும் திறந்த கதவும் எரிபொருளை வேகமாகத் தின்னும். கோ-அரவுண்ட் செய்தால், அதாவது இறங்காமல் திரும்ப மேலே ஏறினால், அதே நிலையில்தான் சுற்றி வர வேண்டும், பெங்களூர் போவது என்பது அநேகமாக முடியாத காரியம். ஆகவே வானிலை நிச்சயம், ரன்வே உங்களுக்காகக் காலி, எரிபொருள் இன்னொரு சுற்றுக்குப் போதும் என்ற மூன்றும் உறுதியான பிறகே சுற்றுங்கள். எடை அதிகமாக இருந்து நேரமும் இருந்தால், அதற்கு முன்பே வட்டமிட்டு எரிபொருளைக் குறைக்கலாம். இந்த ரக விமானங்களில் எரிபொருளை வானில் கொட்டும் வசதி கிடையாது. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய போயிங் 737 ஹைட்ராலிக் கோளாறால் இரண்டரை மணி நேரம் போல ஊருக்கு மேலேயே சுற்றியது இதனால்தான். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது திகில். உள்ளே நடந்தது எடையைக் குறைத்து, பிரேக்குக்குச் சுமையைக் குறைக்கும் பொறுமையான வேலை. விமானம் பத்திரமாகத் திருச்சியிலேயே இறங்கியது.

தரை தொட்ட பிறகு

சரியான இடத்தில், உறுதியாக வையுங்கள். மெத்தென்று வைப்பதற்காக ரன்வேயை மிதந்து வீணாக்க வேண்டாம். வலது ரிவர்ஸர் மட்டும் இழுக்கும்போது மூக்கு வலது பக்கம் போகப் பார்க்கும். நனைந்த ரன்வேயில் குறுக்குக் காற்றும் சேர்ந்தால் இது பெரிதாகும். வாலில் உள்ள திருப்புத் தகடான ரட்டரால் பிடியுங்கள். ரட்டர் மூன்று அமைப்பிலிருந்தும் சக்தி வாங்குவதால் வேலை செய்யும். வேகம் குறையக் குறைய அதன் பிடி தளரும். அதன்பின் திருப்பி இல்லையென்றால் பிரேக் வித்தியாசத்தால்தான் நேராக வைக்க வேண்டும்.

ஆட்டோபிரேக் பிடிக்கும் என்று காத்திருக்காதீர்கள், அது இல்லை. மூக்குச் சக்கரம் தொட்டதும் காலால் பிடிக்க வேண்டும். மஞ்சளின் மாற்று பிரேக்கில் ஆன்டி-ஸ்கிட் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) வேலை செய்யும், ஆனால் மிதியின் உணர்வு வேறு. மெதுவாகத் தொடங்கிச் சீராகக் கூட்டுங்கள். நடுவில் உள்ள முள் மானியில் இரண்டு பக்க அழுத்தமும் தெரியும்.

மஞ்சளும் போயிருந்தால் அக்யுமுலேட்டரில் சேர்ந்திருக்கும் அழுத்தம் மட்டுமே, குறைந்தது ஏழு முழு மிதிப்புக்கு. ஆன்டி-ஸ்கிட் கிடையாது. 1,000 பி.எஸ்.ஐ.-யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தாண்டினால் சக்கரம் பூட்டி டயர் வெடிக்கும். ஒரே சீரான அழுத்தமாகக் கொடுங்கள். ஒவ்வொரு முறை காலை எடுத்து மிதிக்கும்போதும் அந்த ஏழில் ஒன்று போகிறது.

இரண்டு போனால்

சுருக்கமாக. சிவப்பில் 'லேண்ட் ஏ.எஸ்.ஏ.பி.', அதாவது கூடிய சீக்கிரம் இறங்கு, என்று வரும். பச்சையும் மஞ்சளும் சேர்ந்து போவதுதான் மிகக் கடினம்: ஃப்ளாப் நகராது, வால் ஸ்டெபிலைசர் நின்ற இடத்தில் நின்றுவிடும், இரண்டு ஆட்டோபைலட்டும் போகும், இறங்கும் வேகம் கூடும். பச்சையும் நீலமும் போனால் விமானத்தைச் சாய்க்கும் இறக்கை நுனித் தகடான ஐலரான் போய்விடும், மஞ்சளின் ஸ்பாய்லர்களால்தான் சாய்க்க வேண்டும். நீலம் பம்ப் கோளாறால் போயிருந்து எண்ணெய் இருந்தால் ராட்டை வெளியே விட்டு மீட்கலாம். ஒழுகலால் போயிருந்தால் ராட்டால் பயனில்லை. இங்கேயும் அதே கேள்விதான்: எண்ணெயா, அழுத்தமா?

மூன்றும் போகுமா என்று எல்லோரும் கேட்பார்கள். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் இறங்கிய டிசி-10-ல், வால் இன்ஜினின் விசிறித் தட்டு உடைந்து சிதறி மூன்று அமைப்புகளின் குழாய்களையும் அறுத்தது. இரண்டு இன்ஜின்களின் விசையை மட்டும் கூட்டிக் குறைத்து ஓடுதளம்வரை கொண்டுவந்தார்கள். இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். தனித்தனி அமைப்பு என்றால் குழாய்களும் ஒரே இடத்தில் கூடக்கூடாது என்பதைக் காட்டிய விபத்து அது.

நின்ற பிறகு

பிரேக் சூட்டைப் பாருங்கள். தீயணைப்பு அதிகாரியோடு பேசி, ஒழுகல் எங்கே, சக்கரத்தில் புகை இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த எண்ணெய் ஊதா நிறத்தில் இருக்கும். சுலபமாகப் பற்றாது என்றாலும் மெல்லிய திவலையாகச் சூடான பிரேக்கில் பட்டால் எரியலாம். தோலிலும் கண்ணிலும் பட்டால் கடுமையாக எரிச்சல் தரும். கண்ணில் பட்டால் உடனே ஏராளமான தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும்.

இழுவை வண்டி கொக்கி போடுமுன் மூன்று கியர்களுக்கும் பூட்டு ஊசிகள் போட்டாக வேண்டும். திறந்து தொங்கும் கியர் கதவுகளின் வீச்சுக்குள் யாரும் நிற்கக்கூடாது. கைப்பிடியை யாராவது பழைய நிலைக்குத் திருப்பி, அப்போது பச்சையில் அழுத்தமும் வந்தால், அந்தக் கதவுகள் ஆளை நசுக்கும் வேகத்தில் மூடும். அதனால் கைப்பிடியைத் தொடாமல் அப்படியே விட்டு, தரைப் பொறியாளர் காக்பிட்டுக்குள் வந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். பிறகு டெக் லாகில் (விமானத்தின் கோளாறுப் பதிவேடு) எழுதுங்கள்: எந்த எச்சரிக்கை முதலில் வந்தது, அப்போது தொட்டி அளவு எங்கே இருந்தது, பி.டி.யு. எத்தனை நேரம் ஓடியது, மஞ்சள் சூடேறியதா. 'பச்சை ஹைட்ராலிக் ஃபெயில்' என்று ஒரே வரியில் எழுதினால், ஒழுகலைத் தேடும் பொறியாளர் இரவு முழுக்க எல்லாக் குழாயையும் தடவ வேண்டியிருக்கும். 'கியர் ஏற்றிய சில நொடிகளில் அளவு குறையத் தொடங்கியது' என்று எழுதினால் அவர் நேராகக் கியர் அறைக்குப் போவார்.